பதினொரு வீடுகளுக்குப் பதினொரு சேனல்கள்

ஜனவரி மாதத்தில் ஒரு பிற்பகல், எங்கள் தலைநகர் மொந்தேவிதேயோவின் கோர்தோன் பகுதி முழுவதும் மின்சாரம் போயிற்று. நாற்பது நிமிடங்களில் திரும்பி வந்தது. மனிதர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எங்கள் கட்டடத்தின் பதினொரு வைஃபை ரவுட்டர்கள் மட்டும் பொருட்படுத்தின. ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் மாட்டிக்கொடுத்த ஒரே வகைப் பழைய பெட்டிகள் அவை. மின்சாரம் வந்ததும் பதினொன்றும் ஒரே விநாடியில் கண்விழித்தன. ஒரே நேரத்தில் சுற்றுமுற்றும் பார்த்தன. காற்றில் வேறு எவரும் இல்லை என்று தனித்தனியே முடிவு செய்தன. பிறகு, வைஃபை அலைகளுக்கென்று இருக்கும் சேனல்களில், பதினொன்றும் ஆறாம் சேனலிலேயே போய் உட்கார்ந்துகொண்டன.

அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் இணையம் தவழத் தொடங்கியது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் எட்டாம் எண் வீட்டில் இருக்கும் எர்சிலியா. அவர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவர்; அதுவும் தற்காலிகமாக. ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் வரிசையில் நின்று, மிச்சமிருக்கும் பாட வேளைகளைப் பொறுக்கி, மூன்று பள்ளிகளுக்கு மூன்று பேருந்துகளில் ஓடிக்கொண்டிருந்தார். இப்போது நிரந்தரப் பணிக்கான தேர்வில் எழுத்துப் பகுதியைக் கடந்துவிட்டார். பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு, காணொளி வழியே ஒரு மாதிரி வகுப்பு நடத்த வேண்டும். தேர்வுக் குழுவினர் மூவரும் மூன்று ஊர்களில் இருந்தார்கள். அவர்களுடைய விதி எளிமையானது: இணைப்பு ஒரு முறை அறுந்தால் மன்னிக்கப்படும், மறுமுறை அறுந்தால் அடுத்தவர் அழைக்கப்படுவார்.

கம்பி வழியே இணைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அவருடைய கணினியில் கம்பி நுழையும் துளை கிடையாது. அதற்கென வரவழைத்த இணைப்புத்துண்டு இருபத்தாறு நாள்களாகச் சுங்கத்தில் இருந்தது. கைப்பேசியோ, உள்முற்றத்தைப் பார்த்த அந்த வீட்டில் சிக்னல் கிடைக்காமல் கடிகாரமாக மட்டுமே பயன்பட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து நடத்தலாமென்றால், இங்கே பிப்ரவரி கோடை விடுமுறை. ஆகவே எல்லாம் வைஃபையைச் சார்ந்து நின்றது.

எர்சிலியாவின் வேண்டுகோளின்படி, தேர்வு வாரத்தின் திங்கட்கிழமை மாலை, வீட்டு உரிமையாளர்கள் கூட்டம் கீழ்த்தளக் கூடத்தில் கூடியது. கூட்டக் குறிப்பேட்டுக்கு நான்தான் செயலாளர். பதினான்கு ஆண்டுகளாக அதில் ஓர் ஒற்றுப்பிழைகூட நேர்ந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் நடந்தவற்றுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

எர்சிலியா எழுந்து நின்று விளக்கினார்.

"மொத்தம் பதினொரு சேனல் இருக்கு. ஆனா ஒண்ணோட ஒண்ணு உரசாத சேனல் மூணுதான். ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. நாம மூணு குழுவாப் பிரிஞ்சு அந்த மூணுல உக்காந்துட்டா எல்லாருக்கும் நல்லா ஓடும். அவ்வளவுதான்."

முதலாம் எண் வீட்டுத் தோன் எவாரிஸ்தோ கையை உயர்த்தினார். எங்கள் ஊரில் தோன், தோன்யா என்பவை மரியாதைச் சொற்கள்; இவர் முப்பத்தொரு ஆண்டுகள் பேருந்துப் பரிசோதகராக இருந்தவர். கையை உயர்த்தினால் இப்போதும் எதிரில் இருப்பவர்கள் தங்களையறியாமல் சட்டைப்பையைத் தடவுவார்கள்.

"ஏன் டீச்சர், மூணுதான் நல்ல சேனலா?"

"ஆமா, தோன் எவாரிஸ்தோ."

"ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. ஒண்ணாம் நம்பர் வீடு என்னோடது. இதைக் கேட்டா ஊர்ல என்ன பேசுவாங்க? எவாரிஸ்தோ தனக்குத் தோதா முடிவு பண்ணிக்கிட்டான்னு பேச மாட்டாங்களா? எனக்குச் சலுகை வேண்டாம். மத்த எட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"இது சலுகை இல்லை. அலையோட அகலம். ஒவ்வொரு சேனலும் பக்கத்துல நாலு சேனல் மேல படரும்."

"படர்றவனைத்தான் தட்டிக் கேக்கணும்," என்றார் அவர். கூடத்தில் கைதட்டல் எழுந்தது.

ஆறாம் எண் வீட்டுத் தோன்யா சுல்மா, மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அந்த மூணு குழுல யார் யாரோட சேருவாங்க, எர்சிலியா கண்ணு?"

"வீட்டு நம்பர்படி போலாம். ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் முதல் சேனல்."

"அப்ப எவாரிஸ்தோவும் டாக்டரும் ஒரே சேனல்லயா?"

டாக்டர் என்பது இரண்டாம் எண் வீட்டுப் பல் மருத்துவர் பெல்த்ரான். அவருக்கும் எவாரிஸ்தோவுக்கும் இடையே, படிக்கட்டின் முதல் வளைவில் ஒரு பூந்தொட்டி நிற்கலாமா கூடாதா என்ற கேள்வி எழுந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. ஒருவரைப் பற்றி ஒருவர் பிறரிடம் பேசுவதோடு சரி.

"செயலாளர் அவர்களே," என்றார் பெல்த்ரான், என்னைப் பார்த்து. "நான் அந்த ஆளோட காத்தைக்கூடப் பங்கு போட்டுக்க மாட்டேன்னு குறிச்சுக்கோங்க."

"நானும்தான்னு பக்கத்துலயே எழுதிக்கோங்க," என்றார் எவாரிஸ்தோ. "ஆனா அவர் பேருக்கு முன்னாடி என் பேர் வரணும்."

அப்போதுதான் அந்த யோசனை எனக்குத் தோன்றியது. பதினொரு வீடுகள், பதினொரு சேனல்கள். மீதமில்லாமல் வகுபடும் எதையும் எதிர்க்கும் வலிமை எனக்கு என்றுமே இருந்ததில்லை.

"ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டின் எண்ணையே சேனலாக வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

கூட்டம் மூச்சு விட்டது. யாருக்கும் சலுகையில்லை, யாரோடும் யாரும் சேர வேண்டியதில்லை. நினைவில் வைத்துக்கொள்வதும் எளிது. எர்சிலியா மட்டும் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அது இப்ப இருக்கறதைவிட மோசம்! ஒரே சேனல்ல இருந்தா ஒரு பெட்டி பேசறது இன்னொரு பெட்டிக்குக் கேக்கும், தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கும். பக்கத்துப் பக்கத்து சேனல்னா கேக்கவும் செய்யாது, விடவும் விடாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் மேளம் அடிக்கற மாதிரி வெறும் இரைச்சல்."

"உக்காரு கண்ணு," என்றார் சுல்மா. "ஆளுக்கு ஒண்ணு கிடைச்சாச்சுல்ல. இதுக்கு மேல நியாயம் வேணுமா?"

பத்துக்கு ஒன்று என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. நான் அதை ஒரே வாக்கியத்தில் எழுதினேன். நல்ல வாக்கியம்.

செவ்வாய்க்கிழமை காலைக்குள் எல்லாரும் தத்தம் பெட்டியைத் தம் எண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். எவாரிஸ்தோ தம் கதவில், பித்தளை வீட்டெண்ணுக்குக் கீழே, 'சேனலும் 1' என்று ஓர் அட்டை ஒட்டினார். பெல்த்ரான் அதைவிடப் பெரிய அட்டையில் 2 என்று ஒட்டினார்.

புதன்கிழமை, தவழ்ந்துகொண்டிருந்த இணையம் படுத்துவிட்டது. சுல்மாவின் தொலைக்காட்சித் தொடரில் நாயகன் நாயகியை அறையக் கையை ஓங்கினான். இருபது நிமிடங்களுக்குப் பிறகும் ஓங்கியபடியே நின்றான். "அதுக்குள்ள அவளே மனசு மாறி மன்னிச்சிருப்பா," என்று சுல்மா படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆயினும் யாரும் தீர்மானத்தைக் குறை சொல்லவில்லை. குறையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்மேல் இருந்தது. ஒருவர் தம் எண்ணை விட்டு இரகசியமாக வேறு எண்ணுக்குத் தாவுகிறார் என்பதே பொதுக்கருத்து.

வியாழக்கிழமை மதியம் எர்சிலியா என் கதவைத் தட்டினார். நான் ஏழாம் எண். எங்களுக்கு இடையே ஒரு சுவர்தான். மெலோ நகரில் இருக்கும் தம் தங்கையோடு ஒத்திகை பார்த்ததாகச் சொன்னார்.

"பத்து நிமிஷத்துல ஆறு தடவை அறுந்துது, தோன் ரொசெந்தோ. ஆறு! எனக்கு அனுமதி ஒண்ணே ஒண்ணு. நாளைக்குப் போச்சுன்னா மறுபடி தேர்வு எப்ப வைப்பாங்கன்னு தெரியுமா? எனக்கும் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. மறுபடி மார்ச்சுல வரிசையில நிக்கணும்."

"தீர்மானத்தை மாற்ற வேண்டும்," என்றேன்.

"மாத்துங்க!"

"சிறப்புக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். விதி."

"யார் போட்ட விதி அது?"

குறிப்பேட்டைத் திறந்து, அந்த விதிக்குக் கீழே இருந்த என் கையெழுத்தைக் காட்டினேன்.

கூட்டம் கூட்ட முடியாவிட்டாலும் வீடுவீடாகப் போய்ச் சம்மதம் கேட்கலாம் என்று இருவரும் கிளம்பினோம். முதலில் எவாரிஸ்தோ.

"கேக்கறதுக்கு வருத்தமா இருக்கு, டீச்சர்," என்றார் அவர். "ஆனா ஒண்ணாம் நம்பர், கூட்டம் எனக்குக் குடுத்தது. நாளைக்கு அதுல அந்தப் பல்லு டாக்டரும் ஏறிக்கிட்டா, நான் இறங்கச் சொல்ல முடியுமா? இப்ப எனக்குச் சீருடைகூட இல்லை."

பெல்த்ரான் கதவைப் பாதி திறந்து, எவாரிஸ்தோ என்ன சொன்னார் என்று முதலில் விசாரித்தார். பிறகு, தாமும் அதையே சொல்லவிருந்ததாகவும், அவர் சொல்லிவிட்டதால் இனிமேல் சொல்ல விருப்பமில்லை என்றும், ஆனால் முடிவு அதுதான் என்றும் தெரிவித்தார்.

சுல்மாவின் கவலை வேறு.

"ஆறாம் சேனல்ல நாலு பேர் இருந்தா, நான் பாக்கற தொடர் மத்த மூணு பேருக்கும் தெரியுமா?"

"தெரியாது, சுல்மா."

"தங்கச்சிகிட்ட நான் பேசறது?"

"கேக்காது."

"அவங்க பேசறது எனக்கு?"

"அதுவும் கேக்காது."

"அப்ப சேர்ந்து இருந்து என்ன பிரயோஜனம்?" என்றார் சுல்மா, உண்மையான ஏமாற்றத்துடன்.

ஒன்பதாவது கதவும் மூடிய பிறகு எர்சிலியா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அங்கிருந்தபடியே சொன்னார்: "சேனலை யாரும் மாத்த வேண்டாம். நாளைக்கு மூணு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் எல்லாரும் பெட்டியை அணைச்சுடட்டும். அது போதும்."

மறுபடியும் முதற்கதவிலிருந்து தொடங்கினோம். வியப்பு என்னவென்றால், இதற்கு ஒருவரும் மறுக்கவில்லை. பங்கு போட்டுக்கொள்ளச் சொன்னபோது கல்லாக நின்றவர்கள், முழுவதையும் விட்டுக்கொடுக்கச் சொன்னபோது உடனே இளகினார்கள்.

"டீச்சருக்காக அணைக்க மாட்டேனா?" என்றார் எவாரிஸ்தோ. "ஆனா ஒண்ணு. நான் அணைச்சுடுவேன். அந்த ஆள் அணைப்பாரா?"

இதே கேள்வியை ஒன்பது வாய்களிலும் கேட்டோம். கடைசியில் எவாரிஸ்தோவே தம் தொழிலறிவிலிருந்து ஒரு வழி சொன்னார்: பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, எல்லாரும் கீழ்த்தளக் கூடத்துக்குக் கொண்டுவந்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் மேசைமேல் வைப்பது. நேரில் பரிசோதிக்காத எதையும் அவர் நம்பியதில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கூடம் நிரம்பியது. நோயாளிக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒவ்வொருவரும் பெட்டியை மார்போடு அணைத்து வந்தார்கள். சிலவற்றுக்குப் பின்னால் கம்பி தரையில் இழுபட்டது. நான் குறிப்பேட்டைத் திறந்து, வாசலில் நின்று, வருகிறவர் பெயரையும் வீட்டெண்ணையும் பெட்டியின் நிலையையும் வரிசையாக எழுதினேன். எர்சிலியா நீலச்சட்டை அணிந்து, தலையை இறுக்கிப் பின்னி, மூன்றாம் மாடி வளைவிலிருந்து ஒரு முறை எட்டிப்பார்த்தார்.

"எல்லாம் வந்தாச்சா?"

"வந்தாச்சு, போ போ!" என்று பத்துப் பேரும் கத்தினார்கள்.

அவருடைய கதவு மூடியது.

இணையம் இல்லாத ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சுல்மா மாத்தே சுற்றவிட்டார். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், பத்து வாய்கள். சுல்மா ஊற்றிக் கொடுக்க, ஒருவர் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுக்க, அடுத்தவருக்குப் போயிற்று. எவாரிஸ்தோவுக்கு அடுத்த நாற்காலியில் பெல்த்ரான் உட்கார நேர்ந்திருந்தது. எவாரிஸ்தோ குடித்த அதே குழலில் பெல்த்ரான் குடித்தார், துடைக்கக்கூட இல்லை. ஒரு சேனலைப் பங்கு போட மறுத்த மனிதர்கள் இவர்கள். நான் இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுதினால் இருவரும் உடனே நிறுத்திவிடுவார்கள்.

மூன்று பன்னிரண்டுக்கு மாடியில் கதவு படாரென்று திறந்தது.

"அறுந்துடுச்சு!" எர்சிலியாவின் குரல் படிக்கட்டு வழியே விழுந்தது. "ஒண்ணு போச்சு! யாரோட பெட்டி ஓடிக்கிட்டிருக்கு? எட்டுக்குப் பக்கத்துல யாரோ இருக்காங்க, எனக்குத் தெரியுது! நான் திரும்ப உள்ள போறேன், தயவுசெஞ்சு பாருங்க!"

கதவு மூடியது. கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்!" எவாரிஸ்தோ பெல்த்ரானை நோக்கி விரலை நீட்டினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவரோடு நேரடியாகப் பேசிய முதல் சொல் அது. "வீட்டுல ஒண்ணு வச்சுக்கிட்டு இங்க பழசைக் கொண்டுவந்திருக்கீர்!"

"நீர்தான்! உம்ம பெட்டி கனமே இல்லை, உள்ள ஒண்ணும் இல்லாத டப்பா!"

"தூக்கிப் பாரும்!"

"நீர் என்னோடதைத் தூக்கிப் பாரும்!"

இருவரும் ஒருவர் பெட்டியை ஒருவர் தூக்கி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். அதற்குள் சுல்மா மேசையின் முன் நின்று விரல்விட்டு எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பது.

"டீச்சரோடது போக பத்து இருக்கணும்," என்றார். "செயலாளரே, பட்டியலைப் படியுங்க."

படித்தேன். ஒன்று, எவாரிஸ்தோ. இரண்டு, பெல்த்ரான். மூன்று, நான்கு, ஐந்து. ஆறு, சுல்மா. ஒன்பது. பத்து. பதினொன்று.

"ஏழு எங்க?" என்றார் சுல்மா.

பட்டியலில் பிழையே இல்லை. வாசலைத் தாண்டி வந்த ஒவ்வொரு பெட்டியும் அதில் இருந்தது. என்னுடையது வாசலைத் தாண்டி வரவில்லை. நான் பேனாவோடு வந்திருந்தேன்.

என் வயதில் மூன்று மாடிகளை எவ்வளவு நேரத்தில் ஏறினேன் என்பதை யாரும் நம்பமாட்டார்கள். முன்னால் எவாரிஸ்தோ ஓடினார், பின்னால் பெல்த்ரான் என்னைத் தள்ளினார். கதவைத் திறந்தால், பெட்டியின் பச்சை விளக்கு மூச்சுவிடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. மதியம் நான்தான் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு மறந்திருந்தேன்: குறிப்பேட்டின் அறுபது பக்கங்களைப் படமெடுத்துக் கட்டட நிர்வாகிக்கு அனுப்பும் வேலை. ஐம்பத்தொன்பதாம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. 'பதினொரு வீடுகளுக்குப் பதினொரு சேனல்கள்' என்ற தீர்மானம் எட்டாம் எண் வீட்டின் காற்றைக் கிழித்துக்கொண்டு பயணம் செய்துகொண்டிருந்தது.

எவாரிஸ்தோ கம்பியைப் பிடுங்கினார். சுவரின் சிறு துண்டும் கூடவே வந்தது.

நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் எர்சிலியாவின் குரல் கேட்டது. முதலில் இடறியது, பிறகு சீராயிற்று. அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு கட்டடத்துல பதினொரு வீடு இருக்குன்னு வச்சுக்கோங்க," என்றார். "அங்க ஒரு செயலாளர் இருக்கார்." யாரோ கணினிக்குள்ளிருந்து சிரித்தார்கள். பெல்த்ரான் என் தோளில் ஆறுதலாகக் கைவைத்தார். பிறகு மூவரும் நுனிக்காலில் இறங்கினோம். என் பெட்டியையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பத்து.

நான்கு மணிக்குச் சற்று முன்னர் எர்சிலியா கீழே வந்தார். நீலச்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரும் கேட்கத் துணியாததால் அவரே சொன்னார்.

"மறுபடி அறுந்து போகல. கடைசி ஆள் நான்தான், மார்க்கை அங்கயே சொல்லிட்டாங்க. நாலு இடத்துக்கு மூணாவதா வந்திருக்கேன். கிடைச்சுடுச்சு."

கூடம் வெடித்தது. சுல்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். பெல்த்ரான் எவாரிஸ்தோவின் கையைக் குலுக்கிவிட்டார். அது யாருடைய கை என்று இருவருக்கும் சற்றுத் தாமதமாகவே தெரிந்தது.

"இனி மூணு பஸ் இல்லை!" என்றார் சுல்மா.

"பஸ்ஸே இல்லை," என்றார் எர்சிலியா. அவர் குரல் கொஞ்சம் மாறியது. "மொந்தேவிதேயோ இடத்தை முதல் ஆள் எடுத்துக்கிட்டாங்க. எனக்கு ரிவேராதான். வீட்டுலேர்ந்து நடந்தே பள்ளிக்கூடம் போலாம். மார்ச் முதல் தேதி சேரணும்."

ரிவேரா, நாட்டின் வடக்கு எல்லையில் இருக்கிறது. ஏழு மணி நேரப் பயணம். எல்லாரும் அமைதியானார்கள். அந்த அமைதி ஏறக்குறைய அரை நிமிடம் நீடித்தது என்பதை எங்கள் கட்டடத்தின் சார்பில் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அரை நிமிடம் குறைந்ததன்று.

பிறகு எவாரிஸ்தோ தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப டீச்சர்... எட்டாம் நம்பர் சேனல் காலியாகுதா?"

"எவாரிஸ்தோ!" என்று அதட்டினார் சுல்மா. "வெக்கமா இல்லை? பொண்ணு இன்னும் பெட்டியைக்கூடக் கட்டல." அதட்டி முடித்து, குரலைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினார். "செயலாளரே, ஒரு வீட்டுக்கு ரெண்டு வச்சுக்கலாம்னு விதி இருக்கா?"

எர்சிலியா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை. நிறுத்த அவர் முயன்றதாகவும் தெரியவில்லை. சுல்மா மாத்தே குடுவையில் புதிதாக வெந்நீர் ஊற்றி அவரிடம் நீட்டினார். முறை என்னவோ எவாரிஸ்தோவுடையதுதான். அவர் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார்.